பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய்

அன்புள்ள நானா,

இன்று காலை கடைத்தெருவில் கால் வைத்ததுமே தென்னங்குருத்து வாசம் அடித்தது. தேயிலையும், கோவா, கரட் மாதிரி மரக்கறியும் தவிர வேறொன்றும் ஒழுங்காக முளைக்காத இந்தக் குளிரில் தென்னை ஏது? கீழ்நாட்டிலிருந்து ரயிலில் கட்டுக்கட்டாக வந்து இறங்கினால்தான் உண்டு. அப்படி இறங்கினால் கொழும்பிலிருந்து யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அர்த்தம். பட்டின சபை வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து குருத்தைக் கிழித்துத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். முன்பு மந்திரி வந்த நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அவர்கள் பக்கத்தில் போய் நின்று, "இன்னுங் கொஞ்சம் தாழக் கட்டுங்கப்பா, மந்திரி தலையில தட்டட்டும், அப்பத்தான் நம்ம ஊர ஞாபகம் வச்சிருப்பாரு" என்று சொல்லியிருப்பீர்கள்.

நாளை மந்திரி வருகிறார். அன்று வந்தவர் இல்லை. வேறு அரசாங்கம், வேறு ஆள். ஸ்தல ஸ்தாபன இலாகா மட்டும் அதே இலாகா. சபை அவரிடம் ஒரு பஸ் நிலையம் கேட்கப் போகிறதாம். பிள்ளைப்பேறு பார்க்கிற எனக்கும் பஸ் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சேர்மன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உங்கள் காலத்து சேர்மன் இல்லை, இவர் புதியவர்.

"மிஸ்ஸி, பாலத்தடி லயத்து ஆளுங்க ஒங்க பேச்சக் கேப்பாங்க. நாளைக்கு மந்திரி போற வரைக்கும் ஒருத்தரும் பாலத்துப் பக்கம் வரவேணாம்னு சொல்லிடுங்க. குழாயையும் பூட்டி வைக்கப் போறோம்" என்றார்.

"ஒரு நாளைக்குத்தானே?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். "இப்போதைக்கு ஒரு நாளைக்கு" என்றார்.

சபையில் 'இப்போதைக்கு' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததா? இப்போதைக்கு என்று தகரம் அடித்த மார்க்கெட் கூரை இன்னும் அப்படியேதான் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வரி கட்டாதவர்கள் நம் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள் என்று மெம்பர்மார் இரண்டு பேர் ஒவ்வொரு கூட்டத்திலும் முணுமுணுப்பதும் எனக்குத் தெரியும். ஒரு தரம் பூட்டிப் பழகிவிட்டால் பிறகு திறப்பதற்கு ஒரு காரணம் கேட்பார்கள். அந்தக் குழாய் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எனக்காக ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்கள் கம்பளியும் குடையும் அரிக்கன் லாந்தரும் விற்றுக்கொண்டு, கடைத்தெரு வட்டாரத்துக்கு மெம்பராகவும் இருந்த காலம் அது. நம் பட்டினம் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் கடைகள், தபால் கந்தோர், பள்ளிவாசல், மாரியம்மன் கோயில். அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டமும், கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் லயங்களும். ஊர்ச் சாக்கடை முழுவதும் பாலத்துக்குச் சற்று மேலே ஓடையில் வந்து விழும். பாலத்துக்குக் கீழே அதே ஓடையில் மூங்கிலைப் பிளந்து பீலி வைத்து லயத்து ஜனங்கள் தண்ணீர் பிடித்தார்கள். குடிக்கவும் அதுதான், சோறு பொங்கவும் அதுதான், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டவும் அதுதான். மழைக்காலம் வந்தால் பிரசவம் பார்ப்பது போய் வயிற்றுக்கடுப்புப் பார்ப்பதே என் வேலையாகிவிடும். என் கையில் விழுந்த பிள்ளைகளில் சில ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

தோட்டத்துத் தொரையிடம் போய்க் கேட்டால், சாக்கடை ஊருடையது, சபையைப் போய்க் கேள் என்பார். சபையில் கேட்டால், லயம் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே ஒரு சதம் செலவழித்தாலும் கணக்குப் பரிசோதகர் வந்து கழுத்தைப் பிடிப்பார் என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் சொன்னது சட்டப்படி சரிதான். லயத்துக்குக் குழாய் போக வேண்டுமானால் முதலில் ஊரின் எல்லை பாலத்தைத் தாண்ட வேண்டும். அதைச் சபை தானாகச் செய்ய முடியாது. மந்திரி கையெழுத்துப் போட்டு கெசட்டில் வர வேண்டும்.

"நம்ம ஊரு எங்க முடியுதுன்னு நமக்குத் தெரியாது மிஸ்ஸி. கொழும்புக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் நீங்கள். அந்த லயங்களிலிருந்து பாலம் தாண்டி வரும் கால்கள் எல்லாம் உங்கள் கடைக்குத்தான் வருகின்றன, அதனால்தான் நானாவுக்கு இவ்வளவு கரிசனம் என்று மற்ற மெம்பர்மார் கேலி செய்தார்கள். "ஆமா, செத்துப்போனவன் கம்பளி வாங்குவானா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். தீர்மானம் நிறைவேறியது. மனு போனது. கவனிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. மறுபடி மனு போனது. மறுபடியும் கவனிக்கப்பட்டது. கடைசியில் சேர்மன், நீங்கள், சிங்களம் நன்றாகப் பேசுவேன் என்பதால் நான், மூன்று பேரும் எம்.பி.யைப் பார்க்கக் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

மலைநாட்டிலிருந்து கொழும்புக்குக் காரியம் கேட்கப் போகிறவர்கள் கையில் மரக்கறி இல்லாமல் போவதில்லை. நீங்கள் ஒரு கூடை நிறைய லீக்ஸும் கரட்டும் பூக்கோவாவும் கட்டிக்கொண்டு வந்தீர்கள். வழி நெடுகிலும் அந்தக் கூடைக்குத்தான் ஆசனம். சேர்மன் நின்றுகொண்டு வந்தார். "மனுவ இந்தாளு படிக்க மாட்டாரு. பூக்கோவாவ அவரு சம்சாரம் கட்டாயம் பாக்கும்" என்றீர்கள். அதுவும் நடந்தது.

நம் எம்.பி. மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் வோட்டில் ஜெயித்தவர். வேறு எப்படி ஜெயிக்க முடியும்? சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமை போயிற்று, அதோடு வோட்டும் போயிற்று. ஆனாலும் அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம்மை உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் இறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி, சரி என்று தலையாட்டினார். பாராளுமன்றத்தில் தான் பேசுவதால் ஒன்றும் ஆகாது, மந்திரியையே ஊருக்குக் கூட்டி வருகிறேன், அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றார். திரும்பி வரும்போது கூடை காலி. ஆனாலும் அதை நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவு சந்தோஷம்.

அந்த ரயிலில்தான் நமக்குள் சண்டை வந்தது.

"மந்திரி வந்தா நேரா பீலியடிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு குவளையில தண்ணி மொண்டு கையில குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன் நான்.

"என்னங்க மிஸ்ஸி நீங்க, வெவரம் தெரியாம பேசுறீங்க. கூட்டத்தக் காட்டணும். மல நெறைய சனம் நிக்கணும். தலைய எண்ணிப் பாத்தாத்தான் இவங்க அசைவாங்க."

"ஒங்க கூட்டத்துக்கு மாலை போட்டு முடியவே சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டுமே. இவ்வளவு பேரு தண்ணி கேக்குறாங்கன்னு தெரியட்டும்."

உங்கள் மேல் எனக்கு அப்போது கோபம்தான். இப்போது யோசித்தால் புரிகிறது. தோட்டத்து ஜனங்களுக்கு வோட்டு இருந்த அந்தக் கடைசித் தேர்தலில் கொழும்புத் துரைமார்கள் எல்லாம் லயத்துக்கு லயம் வந்து கும்பிட்டுக் கேட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்று திரண்டு நின்ற கூட்டத்துக்கு இருந்த மதிப்பு உங்கள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. உங்களுக்கு மட்டுமா? கங்காணிமார், சங்கத்துத் தலைவர்மார், கோயில் தர்மகர்த்தா, எல்லாருக்கும் அதே நினைப்புத்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதும் சுற்றியிருந்த தோட்டங்கள் எல்லாம் வருகிறோம் என்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்திரி வந்தார். தப்பு மேளச் சத்தம் பாலத்துக்கு அப்பாலிருந்தே கேட்டது. மலைச்சரிவு முழுக்க ஜனம். பெண்கள் பெட்டியில் கிடந்த கலியாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குலவை போட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாலை, ஒவ்வொரு மாலைக்கும் ஒரு பேச்சு. பாலத்தடி லயத்துப் பாக்கியமும் தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுடைய முதல் பிள்ளையை முந்தைய மழைக்காலத்தில் வயிற்றுக்கடுப்புக்குக் கொடுத்திருந்தாள். இது இரண்டாவது, பெண். மந்திரி அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். பாக்கியத்துக்கு அப்போதே தண்ணீர் வந்துவிட்டதுபோல முகம் மலர்ந்தது.

நீங்கள் தூரத்தில் பந்தலடியில் அடுத்த மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் மந்திரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் எம்.பி. பக்கம் சாய்ந்து சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "இவர்களில் எத்தனை பேருக்கு வோட்டு இருக்கிறது?"

எம்.பி. கொஞ்சம் தயங்கினார். "ஊருக்குள் இருக்கிற சிலருக்கு. மற்றவர்களுக்கு இல்லை."

மந்திரி பாலத்தையும் மலைச்சரிவையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லையை அந்தப் பக்கம் நகர்த்தினால் இத்தனை பேரும் ஊருக்குள் வந்துவிடுவார்கள். நாளைக்கு இவர்களுக்கு வோட்டும் கிடைத்தால் இந்தச் சபை யார் கையில் இருக்கும்?"

 மந்திரி சிரித்த முகம் மாறாமல் அடுத்த மாலைக்குத் தலையைக் குனிந்தார். அந்த மாலை உங்களுடையது. பீலியடிக்குப் போக நேரம் இல்லாமல் போயிற்று. காரில் ஏறும்போது கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார், கூட்டமும் கும்பிட்டது.

சாயங்காலம் உங்கள் கடைக்கு வந்து நான் கேட்டதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருக்கலாமா என்றும் நினைத்தேன், உங்களிடம் மறைக்க எனக்கு வராது. கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். கடைப்பையன் டீ கொண்டுவந்து வைத்தான், ஆறிப்போனது.

"வோட்டு இருந்த காலத்துலயே என் கண்ணு நின்னு போச்சு மிஸ்ஸி" என்றீர்கள். "பலத்தக் காட்டுறேன்னு நெனச்சு பயத்தக் காட்டிட்டேன்."

சில மாதங்களில் பதில் வந்தது. எல்லையை விஸ்தரிப்பதற்குப் போதிய முகாந்திரம் இல்லை. ஆனால் ஊர் மக்களின் அன்பான வரவேற்பைப் பாராட்டி ஒரு பொது மண்டபம் கட்ட மானியம். மற்ற மெம்பர்மார் பட்டாசு வெடிக்காத குறைதான். அந்த மழைக்காலத்தில் பாக்கியத்தின் பெண் பிள்ளை போய்விட்டது. மந்திரி தட்டிய கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் என்ன செய்தும் நிற்கவில்லை. நீங்கள் லயத்துக்கு வந்தீர்கள், உள்ளே வர மனமில்லாமல் வாசல் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கமே மழையில் நின்றீர்கள். பாக்கியத்தின் புருஷன் வந்து, "உள்ள வாங்க மொதலாளி, நனையிறீங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தீர்கள். அவன் உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பாலத்தில் நின்றுவிட்டீர்கள். எல்லைக்கல் பாலத்தின் ஊர்ப்பக்கத்தில் நட்டிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வெளிய ஒண்ணும் செய்ய விட மாட்டாங்க. உள்ளுக்குள்ள நம்மகிட்ட என்ன இருக்குன்னு பாப்போம் மிஸ்ஸி" என்றீர்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை. மனசு உடைந்து பேசுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் என் மாதாந்த அறிக்கையோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தை எங்கே கட்டுவது என்று மெம்பர்மார் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பாதிப்பேர் மார்க்கெட் பக்கம், பாதிப்பேர் ஸ்டேஷன் பக்கம். உங்கள் வோட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் மண்டபம். மார்க்கெட் பக்கம் வந்தால் உங்கள் கடை வாசலில் ஊரே நடமாடும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"மண்டபத்த எங்க வேணும்னாலும் கட்டிக்கங்க. எனக்கு ஒரு குழாய் வேணும். பாலத்துக்கு இந்தப் பக்கம், எல்லைக்கல்லு மேல சாஞ்ச மாதிரி. குழாய் குடுக்குறவங்களுக்கு என் வோட்டு."

"அது அவங்களுக்குப் போடுற குழாய்தானே நானா?" என்று ஒருவர் கேட்டார்.

"குழாய் நம்ம ஊருல இருக்கு, நம்ம சட்டப்படி இருக்கு. தண்ணி புடிக்க வர்றவங்க எந்த ஊருன்னு குழாய் கேக்குமா?"

ஸ்டேஷன் பக்கத்தார் முந்திக்கொண்டு சரி என்றார்கள். மண்டபம் அங்கே போயிற்று. உங்கள் கடைக்கு அதனால் நட்டம்தான். ஒரு மலையே திரண்டு வந்து கேட்டுக் கிடைக்காததை ஒரே ஒரு வோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது. எல்லாரும் உங்களைக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை நானா, கோபமாக இருந்தது. உங்கள் முகத்திலும் சிரிப்பு இல்லை. பாக்கியத்தின் பிள்ளைக்கு அது பிந்தி வந்த தண்ணீர்.

ஆனால் தண்ணீர் வந்தது. லயத்துப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறி, பாலம் கடந்து வந்து பிடித்துப் போனார்கள். மழைக்காலத்தில் என் வேலை பாதியாகக் குறைந்தது. பாக்கியத்துக்கு அதற்குப் பிறகு பிறந்த பையன் இப்போது பல் விழுந்த ஓட்டை வாயோடு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். உங்கள் ஜனாஸா பாலத்தைத் தாண்டி மையவாடிக்குப் போன அன்று அந்தப் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகாமல் ரோட்டோரத்தில் நின்றார்கள். பெரிய கூட்டம். அன்று அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது இந்தப் புதிய சபை செய்வதைப் பாருங்கள். அன்று கூட்டத்தைக் காட்டியதால்தான் காரியம் கெட்டது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்தத் தரம் ஜனங்களை ஒளித்துவைக்கிறார்கள். மந்திரி பாலத்தடிக்கு வரும்போது இது சின்னஞ்சிறு ஊர், சுத்தமான ஊர், வோட்டு உள்ளவர்கள் மட்டும் வாழும் ஊர் என்று தெரிய வேண்டுமாம். நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுதினால் காகிதம் தாங்காது.

இதற்கிடையில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், லயத்தில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று பேச்சு நடக்கிறது. தலைகளை மறுபடி எண்ணுகிறார்கள், இந்தத் தரம் அனுப்புவதற்காக.

மத்தியானம் லயத்துக்குப் போய்ப் பாக்கியத்திடம் சேர்மன் சொன்னதைச் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு நாள்னா எப்படியும் சமாளிச்சுக்குவோம் மிஸ்ஸி. மறுநா தொறப்பாங்களா?"

"இப்போதைக்கு ஒரு நாளைக்குன்னு சேர்மன் சொல்றாரு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அப்ப நான் எப்பவும்போல காலையில வர்றேன். கூட்டமா வரல, நான் மட்டும் வர்றேன். வெரட்டுனா வெரட்டட்டும்."

அவளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனசு கேட்கவில்லை. அவளை விரட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இந்த நாட்டில் ஒரு காகிதம் கிடையாது. எல்லைக்கு உள்ளே நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றீர்களே, பாலத்தில் நின்று நீங்கள் கேட்ட அந்தக் கேள்விதான் உங்களிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது. இன்று அதை என்னையே கேட்டுக்கொண்டேன். சபை மருத்துவச்சி என்ற உத்தியோகம் இருக்கிறது. அது போனாலும் போகலாம். கடைத்தெருவில் வரி கட்டுகிற ஒரு வீடு இருக்கிறது. பதிவுப் பிரஜை என்ற அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. வோட்டர் இடாப்பில் பெயர் இருக்கிறது.

பயமாக இருக்கிறது நானா. ஆனாலும் அடுப்படியில் இருந்த குடத்தைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டேன். நாளைக் காலை என் உத்தியோக வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயடியில் பாக்கியத்துக்குப் பின்னால் நிற்கப் போகிறேன். பூட்டுவதென்றால் எனக்கும் சேர்த்துத்தான் பூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மிஸ்ஸி